ஹிட் எத்தனை, ஆள் எத்தனை? இணையத்தில் தலை எண்ணத் தொடங்கிய கதை



திருவிழா நேரலை முடிந்ததும் நம்மில் பலர் முதலில் பார்ப்பது கீழே இருக்கிற அந்த எண்ணைத்தான். "இத்தனை ஆயிரம் பேர் பார்த்திருக்காங்க" என்று உடனே புலனத்தில் செய்தி போய்விடும். அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணை வைத்தே உபயம் பேசுவோம், அடுத்த வருஷம் இன்னொரு கேமரா வேணுமா வேண்டாமா என்று முடிவு செய்வோம். சரி, அந்த எண் ஆளைத்தான் எண்ணுதா? இல்லை வேறு எதையாவது எண்ணுதா?

இந்தக் கேள்வி புதிது இல்லை. இணையம் பிறந்த நாளிலிருந்தே இருக்கு. அதைத் தெரிந்துகொள்ள 30 வருஷத்துக்கு மேல் பின்னால் போகணும். கொஞ்சம் நீளமான பதிவுதான். நேரம் கிடைக்கும்போது ஒரு தே தாரிக்கோடு உட்கார்ந்து படிங்க.

1. நாளுக்கு 100

உலகத்தின் முதல் வெப் சர்வர் சுவிட்சர்லாந்தில், ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் ஓடியது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் தன் யோசனையை எழுதிக் கொடுத்தார். 1990 கடைசியில் சர்வரும் உலாவியும் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. அது ஒரே ஒரு நெக்ஸ்ட் கணினி. யாராவது தெரியாமல் அணைத்துவிடக் கூடாதே என்று, "இது சர்வர், அணைக்காதீங்க" என்ற பொருளில் சிவப்பு மையில் எழுதி அதன் மேலேயே ஒட்டி வைத்திருந்தார்கள்.

அந்தச் சர்வரிடம் 1991 கோடையில் நாளுக்கு ஏறக்குறைய 100 கோரிக்கைகள் வந்தன. 1992-ல் நாளுக்கு 1,000. 1993-ல் 10,000. வருஷத்துக்குப் பத்து மடங்கு. இணையம் வளர்கிறது என்று சொல்ல பெர்னர்ஸ்-லீ பின்னாளில் எடுத்துக் காட்டிய கணக்கும் இதுதான்.

இங்கேயே ஒன்றைக் கவனிங்க. 100 என்றால் 100 பேர் இல்லை. 100 தடவை யாரோ எதையோ அந்தக் கணினியிடம் கேட்டார்கள், அவ்வளவுதான். ஒருத்தரே 40 தடவை கேட்டிருக்கலாம். அந்த நாளில் இது யாருக்கும் கவலையாக இல்லை. கேட்டவர்களும் ஆராய்ச்சியாளர்கள், எண்ணியவர்களும் ஆராய்ச்சியாளர்கள். காசு எதுவும் அந்த எண்ணைச் சுற்றி ஓடவில்லை.

2. காவலர் சாவடிப் புத்தகம்

அடுக்குமாடிக்குப் போனால் வாசலில் காவலர் ஒரு புத்தகம் வைத்திருப்பார். வண்டி எண், வந்த நேரம், எந்த வீட்டுக்கு, இதை எழுதிவிட்டு உள்ளே விடுவார். வண்டிக்குள் எத்தனை பேர் என்று எழுத மாட்டார். வெப் சர்வர் வைத்திருக்கிற புத்தகமும் இதே மாதிரிதான். அதற்குப் பெயர் லாக்.

1993-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ கூடத்தில் இரண்டு முக்கியமான வேலைகள் நடந்தன. மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் மொசைக் உலாவியை எழுதினார்கள். ராப் மெக்கூல் ஒரு சர்வர் நிரலை எழுதினார். அந்தச் சர்வர் இலவசமாகப் பரவியது. எல்லாச் சர்வரும் ஒரே மாதிரி பதிவு எழுதினால்தான் ஒரே கருவியால் படிக்க முடியும் என்பதால் ஒரு பொது வடிவமும் வந்தது. ஒரு கோரிக்கைக்கு ஒரு வரி. அந்த வரியில் கேட்ட கணினியின் பெயர் அல்லது ஐபி முகவரி, தேதி, நேரம், எந்தக் கோப்பைக் கேட்டது, கிடைத்ததா இல்லையா என்று ஒரு குறியீடு, எத்தனை பைட் அனுப்பப்பட்டது என்று இருக்கும். கிடைத்தால் 200, இல்லை என்றால் 404. இன்றைக்கும் நம் கைத்தொலைபேசியில் எட்டிப் பார்க்கிற அதே 404தான்.

அந்த வரியில் இல்லாத இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, கேட்டவர் யார் என்பது. ஆள் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். கடவுச்சொல் வைத்த பக்கம் இல்லையென்றால் அங்கே வெறும் கோடுதான் இருக்கும். இரண்டாவது, பதில் கொடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பது. சர்வர் மெதுவாக இருக்கா வேகமாக இருக்கா என்று அந்தப் புத்தகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

காரணம் எளிது. அந்தப் புத்தகம் பழுது பார்ப்பதற்காக எழுதப்பட்டது. எந்தக் கோப்பு காணோம், எந்த இணைப்பு உடைந்திருக்கு, எவ்வளவு சரக்கு வெளியே போகுது என்று நிர்வாகி பார்ப்பதற்கு. இதை வைத்து விளம்பரக் காசு பேசப் போகிறார்கள் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

3. தட்டும் டம்ளரும்

ஆரம்பத்தில் வெப் பக்கம் என்றால் வெறும் எழுத்துதான். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, ஒரு வரி. கணக்கு ஓரளவு ஒத்துப்போனது. மொசைக் வந்து எழுத்துக்கு நடுவிலேயே படத்தைக் காட்டியது. அங்கேதான் கணக்கு மாறியது. பக்கத்தில் ஏழு படம் இருந்தால் உலாவி எட்டு தடவை கேட்கும்: எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஏழு. லாக்கில் எட்டு வரி. இந்த ஒவ்வொரு வரியும் ஒரு "ஹிட்".

அன்னதானத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஒருத்தர் சாப்பிட்டுப் போனால் கழுவுற இடத்துக்கு ஒரு தட்டு, ரசத்துக்கு ஒரு டம்ளர், பாயசத்துக்கு ஒரு கிண்ணம், ஒரு கரண்டி என்று நாலு சாமான் வரும். 2,000 சாமான் கழுவினோம் என்பது உண்மை. 2,000 பேர் சாப்பிட்டார்கள் என்பது உண்மை இல்லை.

ஆனால் ஒன்று. கழுவுற எண்ணிக்கை பொய்யான எண் இல்லை. எத்தனை பேர் கழுவ வேணும், எத்தனை போத்தல் சவர்க்காரம் வாங்கணும் என்று பார்க்க அந்த எண்தான் வேணும். அரிசி எவ்வளவு போடணும் என்பதற்குத்தான் அது உதவாது. ஹிட்டும் அப்படித்தான். சர்வர் எவ்வளவு உழைக்குது என்று சொல்ல ஹிட் சரியான அளவு. எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்ல அது தவறான அளவு. சிக்கல் எங்கே என்றால், உழைப்பின் எண்ணை எடுத்து ஆள் எண்ணாக மேடையில் சொன்னார்கள். "எங்கள் தளத்துக்கு மாதம் ஒரு மில்லியன் ஹிட்" என்று 1995, 1996-ல் எல்லாரும் பேசினார்கள். பக்கத்தில் இன்னும் பத்து சின்னப் படம் சேர்த்தால் போதும், ஒரு ஆள்கூட கூடாமல் ஹிட் கூடிவிடும்.

அந்தக் காலத்து அகப்பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அடியில் கார் மீட்டர் மாதிரி கறுப்புப் பெட்டியில் எண்கள் ஓடும். பக்கம் திறக்கும்போதெல்லாம் ஒரு சின்ன நிரல் ஓடி, ஒரு கோப்பில் இருந்த எண்ணோடு ஒன்று கூட்டி எழுதும். உரிமையாளரே பத்து தடவை திறந்தால் பத்து கூடும். தொடக்க எண்ணை 5,000 என்று வைத்தே ஆரம்பித்தவர்களும் உண்டு. ஒரே நொடியில் இரண்டு பேர் வந்து இரண்டு நிரலும் ஒரே கோப்பில் எழுதப் போய், எண்ணே அழிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியதும் உண்டு.

4. சொல்லிப் பார்த்த ஒரு கேம்பிரிட்ஜ்காரர்

லாக் கோப்பை மனுஷன் உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால் அதைப் படித்து அட்டவணை போடுகிற நிரல்கள் வந்தன. கெவின் ஹியூஸ் எழுதிய கெட்ஸ்டாட்ஸ், கலிபோர்னியாவில் ராய் ஃபீல்டிங் எழுதிய டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஸ்டாட் எல்லாம் முதல் வரிசை. 1995-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீபன் டர்னர் "அனலாக்" என்ற நிரலை வெளியிட்டார். இலவசம், வேகம். பல வருஷம் உலகம் முழுக்க ஓடியது. 1997-ல் வெபலைசர் வந்தது. வெப்டிரெண்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இதையே வியாபாரமாகச் செய்தன.

டர்னர் புள்ளியியல் துறைக்காரர். தன் நிரலின் விளக்கக் குறிப்பிலேயே அவர் ஒன்றைத் தெளிவாக எழுதி வைத்தார்: கோரிக்கை எத்தனை என்று என்னால் சொல்ல முடியும். உங்கள் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் படித்தார்கள் என்று லாக்கை வைத்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிற நிரல்கள் ஊகத்தைத்தான் சொல்கின்றன. சொந்தச் சரக்கின் வரம்பை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு. வாடிக்கையாளர்களுக்கு என்னவோ அந்த ஊகம்தான் வேண்டியிருந்தது.

ஏன் சொல்ல முடியாது? காவலர் சாவடிக்கே திரும்புவோம். புத்தகத்தில் இருப்பது வண்டி எண், அதாவது ஐபி முகவரி. டயல்-அப் காலத்தில் ஒருத்தர் காலையில் ஒரு முகவரியில் வருவார். லைன் துண்டித்து மறுபடி போட்டால் வேறு முகவரி கிடைக்கும். ஒரே ஆள், இரண்டு வண்டி. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைப் புரோக்சி என்ற இடைக் கணினிகள் வழியாக அனுப்பியது. ஒரே பஸ்ஸில் ஆயிரம் பேர்.

இதில் நம் ஊர்ச் சங்கதியும் உண்டு. 1996-ல் சிங்கப்பூரில் ஒளிபரப்பு ஆணையத்தின் உரிம விதிகள் வந்தபோது, வீட்டு இணையச் சந்தாதாரர்கள் சேவை நிறுவனத்தின் புரோக்சி வழியாகத்தான் வெப் பக்கங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு சிங்நெட், பசிபிக் இண்டர்நெட், சைபர்வே என்று மூன்றே நிறுவனங்கள். அமெரிக்காவில் இருந்த ஒரு சர்வரின் புத்தகத்தில் தெம்பனிஸ்காரரும் ஈசூன்காரரும் தனித்தனி ஆளாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு சிங்கப்பூர்ப் புரோக்சியின் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

அதோடு, புரோக்சி ஒரு பக்கத்தை ஒரு தடவை வாங்கி நகல் வைத்துக்கொள்ளும். அடுத்த 500 பேருக்கு அந்த நகலையே கொடுக்கும். ஒருத்தர் வந்து பெரிய தூக்குச் சட்டியில் பார்சல் வாங்கிப்போய், தெரு முழுக்கப் பரிமாறுகிற மாதிரி. நம் கணக்கில் ஒரு சட்டிதான். சாப்பிட்டவர்கள் 500. ஆக, படங்களால் கணக்கு மேலே ஏறுது, நகல்களால் கீழே இறங்குது. எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று புத்தகத்தில் இல்லை.

5. மரங்கொத்தியும் புயலும்

இந்தப் புத்தகங்களில் ஒன்று ஆராய்ச்சியாளர்கள் நடுவில் மிகவும் பிரபலம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், நாசாவின் கென்னடி விண்வெளி மையச் சர்வரின் 1995 ஜூலை, ஆகஸ்ட் மாத லாக். மொத்தம் 3,461,612 கோரிக்கைகள். யார் வேண்டுமானாலும் ஆராயலாம் என்று பொதுவில் வைக்கப்பட்டது. இன்றைக்கும் கணினி மாணவர்கள் அதை வைத்துத்தான் பயிற்சி செய்கிறார்கள்.

அந்த ஜூலையில் கூட்டம் அதிகமாக இருந்த நாள் 13-ஆம் தேதி. அந்த ஒரே நாளில் 130,000-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள். என்ன விசேஷம்? டிஸ்கவரி விண்கலம் அன்றுதான் ஏவப்பட்டது. அது உண்மையில் ஜூன் மாதமே போயிருக்க வேண்டியது. மரங்கொத்திகள் எரிபொருள் கலத்தின் நுரைப் பூச்சில் ஏறக்குறைய 200 ஓட்டை போட்டுவிட்டன. பழுது பார்க்க அதைத் திரும்பக் கொட்டகைக்கு இழுத்துப்போனார்கள். இதெல்லாம் லாக்கில் இல்லை. லாக்கில் தெரிவது ஒரு நாள் உயர்ந்து நிற்கிற எண் மட்டும்தான். ஏன் உயர்ந்தது என்பதை வெளியிலிருந்து தெரிந்துகொண்டுதான் படிக்கணும்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஆகஸ்ட் மாதத்தின் ஒரு வெற்றிடம். ஆகஸ்ட் 1 மதியம் 2 மணி 52 நிமிடத்திலிருந்து ஆகஸ்ட் 3 விடியற்காலை 4 மணி 36 நிமிடம் வரை ஒரு கோரிக்கைகூட இல்லை. 38 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மக்களுக்கு விண்வெளியில் ஆர்வம் போய்விட்டதா? இல்லை. எரின் புயல் வந்தது, சர்வரை அணைத்து வைத்தார்கள். எண் பூஜ்யம் என்றால் ஆள் வரவில்லை என்று அர்த்தம் இல்லை. கதவு மூடியிருந்தது என்றும் அர்த்தம் இருக்கலாம்.

கனடாவில் மார்ட்டின் ஆர்லிட், கேரி வில்லியம்சன் என்ற இருவர் இந்த நாசா லாக்கையும் சேர்த்து ஆறு சர்வர்களின் புத்தகங்களை ஒப்பிட்டு 1996-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பல்கலைக்கழகம், ஆராய்ச்சி மையம், வணிக நிறுவனம் என்று ஆறும் ஆறு ரகம். ஆனாலும் சில விஷயங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தன. கேட்கப்பட்ட கோப்புகளில் 10 விழுக்காடுதான் 90 விழுக்காட்டுக் கோரிக்கைகளை வாங்குது. இன்னொரு பக்கம், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் கோப்புகளை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்காங்க. அந்த 10 விழுக்காட்டை நினைவகத்தில் தயாராக வைத்தால் சர்வரின் பெரும்பாரம் குறையும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். ஆளை எண்ணத் தெரியாத அதே புத்தகம், வேலையைச் சீர்படுத்த எவ்வளவு உதவியது பாருங்க.

6. வாசலில் திரும்பிப் போனவர்கள்

இப்போது சர்வரின் உழைப்புப் பக்கம் வருவோம். மொசைக்கைத் திறந்தால் முதலில் என்சிஎஸ்ஏ-வின் பக்கம்தான் வரும். உலகத்தில் எங்கே யார் திறந்தாலும் அந்தச் சர்வரின் கதவைத் தட்டும். 1993 கடைசியில் உலகில் தெரிந்த வெப் சர்வர்கள் சுமார் 500. 1994 கடைசியில் 10,000, பயனர்கள் 10 மில்லியன். ஒரு கணினியால் தாங்க முடியவில்லை. 1994-ல் என்சிஎஸ்ஏ-வில் ஒரே பெயருக்குப் பின்னால் பல கணினிகளை வைத்து, வருகிறவர்களை ஒவ்வொன்றுக்கும் மாறி மாறி அனுப்பினார்கள். ஒரே கோபுர வாசல், உள்ளே பல வரிசை.

சர்வர் நிரலிலும் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு வேலையாளைப் பிறப்பித்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடும். எட்டுக் கோரிக்கைக்கு எட்டு தடவை. பிறப்பிக்கவே பாதி நேரம் போகும். 1995-ல் வந்த பதிப்புகளில் வேலையாட்களை முன்கூட்டியே நிறுத்தி வைத்தார்கள். அதே வருஷம் ஏப்ரலில் என்சிஎஸ்ஏ நிரலை அடிப்படையாக வைத்து அப்பாச்சி சர்வர் வெளிவந்தது. ஒரே வருஷத்தில் உலகில் அதிகம் பயன்படும் சர்வர் ஆனது. இதை எப்படித் தெரிந்துகொண்டோம்? இங்கிலாந்தின் நெட்கிராஃப்ட் நிறுவனம் 1995 ஆகஸ்டிலிருந்து எல்லாத் தளத்தையும் தட்டி, நீ எந்தச் சர்வர் என்று கேட்டு எண்ணத் தொடங்கியது. முதல் கணக்கில் 18,957 தளங்கள். இணையம் முழுவதையும் எண்ணி முடிக்கக்கூடிய காலம் அது.

சர்வர் திணறும்போது நடப்பதுதான் ரொம்ப முக்கியம். அளவுக்கு மேல் கூட்டம் வந்தால் புதிய இணைப்புகள் வாசலிலேயே நிராகரிக்கப்படும். அவர்கள் லாக்கில் வரமாட்டார்கள். உள்ளே விட்டவரைத்தானே காவலர் எழுதுவார். ஆகவே திணறுகிற சர்வரின் புத்தகத்தில் எண் ஒரு உயரத்துக்குப் போய் அப்படியே சமமாக நிற்கும். பார்க்கிறவருக்கு "கூட்டம் நிலையா இருக்கு" என்று தோன்றும். உண்மையில் வெளியே எத்தனை பேர் காத்திருந்து திரும்பிப் போனார்கள் என்று தெரியாது.

உள்ளே வந்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதும் தெரியாது. 28.8 கிலோபிட் மோடம் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 3,600 பைட். 72,000 பைட் படம் ஒன்று இறங்க 20 விநாடி. சர்வர் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கும், வீட்டில் படம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல வரைந்துகொண்டிருக்கும். ஜாரிங், சிங்நெட் காலத்தில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதனால்தான் கீநோட் போன்ற நிறுவனங்கள் பல நகரங்களில் கணினிகளை வைத்து, வெளியே இருந்து பக்கத்தைத் திறந்து நேரத்தை அளந்தன.

பெரிய சோதனைகளும் வந்தன. 1997 ஜூலை 4 அன்று மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. முதல் மாதத்தில் 566 மில்லியன் ஹிட், ஜூலை 8 அன்று மட்டும் 47 மில்லியன். நகல் தளங்கள் பலவற்றை வைத்து அந்தக் கூட்டத்தைச் சமாளித்தார்கள்.

அடுத்தது 1998 பிப்ரவரியில் ஜப்பானின் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்ஸ். ஐபிஎம் நடத்திய அந்தத் தளத்துக்கு 16 நாளில் 634.7 மில்லியன் ஹிட். ஒரே நிமிடத்தில் 110,414. அது கின்னஸ் சாதனை. ஆனால் சாதனையைவிட அதன் பின்னணி நல்ல கதை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் தளத்தின் லாக்கை ஐபிஎம் பொறியாளர்கள் உட்கார்ந்து படித்தார்கள். ஒரு போட்டியின் முடிவைப் பார்க்க ஒரு ரசிகர் குறைந்தது மூன்று தடவை சொடுக்க வேண்டியிருந்தது. "அட, எவ்வளவு ஹிட்" என்று அவர்கள் பெருமைப்படவில்லை. இவ்வளவு அலையவிட்டிருக்கோமே என்று நினைத்தார்கள். நாகானோவுக்கு முதல் பக்கத்திலேயே பதக்கப் பட்டியலும் புதிய முடிவுகளும் தெரிகிற மாதிரி மாற்றினார்கள். முடிவு மாறும்போதே தயார் நிலையில் உள்ள பக்கத்தையும் மாற்றி வைத்தார்கள். பழைய அமைப்பையே வைத்திருந்தால் ஹிட் இன்னும் பல மடங்கு ஏறியிருக்கும் என்று அவர்களே கணக்கிட்டார்கள். அதாவது, ஹிட்டைக் குறைக்க வேலை செய்து சாதனை எண் வாங்கினார்கள். வந்தவருக்கு வேண்டியது சீக்கிரம் கிடைத்ததா என்பதுதான் அவர்கள் பார்த்த அளவு.

7. காசு வந்தது, கண்காணிப்பும் வந்தது

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் என்ற இணைய இதழ் பட்டை விளம்பரங்களோடு தொடங்கியது. ஏடி அண்ட் டி முதலிய நிறுவனங்கள் காசு கொடுத்தன. காசு கொடுக்கிறவர் கேட்பார்: எத்தனை பேர் பார்த்தாங்க? 1996-ல் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் யாஹூவிடம், பார்த்ததுக்கு இல்லை, சொடுக்கினதுக்குத்தான் காசு என்று பேசியது. எண்ணுக்கு விலை வந்தாச்சு. தோராயமாகச் சொன்னால் இனி போதாது.

முதல் விளைவு, நகல் வைப்பதைத் தடுப்பது. என் பக்கத்தை நகல் எடுத்தால் என் கணக்கு குறையுது என்று தள உரிமையாளர்கள் வேண்டுமென்றே நகலைச் செல்லாததாக்கினார்கள். ஒவ்வொருவரும் மூலச் சர்வருக்கே வரணும். எண் சரியாக வந்தது, எல்லாருக்கும் பக்கம் மெதுவானது. எண்ணுவதற்காகச் சேவையையே கெடுத்தார்கள். 1997 அக்டோபரில் ஜெஃப்ரி மோகல், பால் லீச் என்ற இருவர், நகல் வைத்திருப்பவரே எண்ணிச் சொல்லட்டும் என்று முறையாக ஒரு வழி வகுத்துக் கொடுத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் அடுத்தவன் சொல்லும் எண்ணை நம்பணுமே. அது பரவவே இல்லை.

இரண்டாவது விளைவு, குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுலி உருவாக்கியது. உலாவிக்குள் ஒரு சின்னச் சீட்டை வைத்து, அடுத்த முறை வரும்போது அதைத் திரும்பக் கேட்பது. அதன் முதல் பயன்பாடே நெட்ஸ்கேப் தளத்துக்கு வருகிறவர் ஏற்கெனவே வந்தவரா, புதியவரா என்று பார்ப்பதுதான். வண்டி எண் போதவில்லை என்று வருகிறவர் சட்டைப் பையில் அவருக்குத் தெரியாமல் ஒரு டோக்கனைப் போட்டு வைப்பது போல. பொதுமக்கள் இதைப் பற்றிப் பரவலாகக் கேள்விப்பட்டதே 1996 பிப்ரவரியில், ஒரு லண்டன் நாளிதழ் எழுதிய பிறகுதான். 1997-ல் வந்த தர ஆவணம், வேறு தளங்கள் வைக்கும் குக்கீயை உலாவிகள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்றது. பெரிய உலாவிகள் அதைக் கேட்கவில்லை.

காரணம் விளம்பர நிறுவனங்கள். பத்தாயிரம் தளத்தில் ஒரே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால் ஒரே டோக்கனால் ஒருவரைப் பத்தாயிரம் இடத்தில் பின்தொடரலாம். டபுள்கிளிக் நிறுவனம் 1999-ல் அபேகஸ் என்ற நிறுவனத்தை வாங்கியது. அபேகஸிடம் அஞ்சல் வழி பொருள் வாங்கியவர்களின் உண்மையான பெயர், முகவரிகள் இருந்தன. டோக்கனையும் பெயரையும் சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பெரிய எதிர்ப்பு. 2000 மார்ச்சில் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் வழி திறந்துவிட்டது.

பிறகு லாக் புத்தகத்தையே தாண்டிப் போனார்கள். பக்கத்துக்குள் ஒரு சின்ன நிரலை வைத்தால் அது வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குச் செய்தி அனுப்பும். கூகள் 2005-ல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகள் அனலிடிக்ஸ் என்று இலவசமாகக் கொடுத்தது. கூட்டம் தாங்காமல் சில நாளிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்தவன் வாசல் கூட்டத்தை எண்ண வந்தவருக்கே தன் வாசல் கூட்டம் தாங்கவில்லை. நமக்கு அழகான வரைபடம் இலவசம். ஆனால் காவலர் சாவடிப் புத்தகம் அன்றிலிருந்து நம்ம சாவடியில் இல்லை.

8. இன்றைக்கு நமக்கு

ஹிட் போய் வியூ வந்துவிட்டது, கேள்வி மாறவில்லை. முகநூல் காணொளியை மூன்று விநாடி ஓடினாலே ஒரு பார்வை என்று எண்ணியது. 2016 செப்டம்பரில் அந்த நிறுவனமே, சராசரியாகப் பார்த்த நேரத்தை இரண்டு வருஷமாக அதிகமாகக் காட்டிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது. மொத்த நேரத்தை எல்லாப் பார்வையாளராலும் வகுக்காமல், மூன்று விநாடி தாண்டியவர்களால் மட்டும் வகுத்திருந்தார்கள். அந்த எண்ணை நம்பித்தான் பலர் விளம்பரத்துக்குக் காசு கொடுத்தார்கள்.

ஆகவே கூட்டத்தில் யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், அது நம்ம பக்கமோ வேறு யார் பக்கமோ, மூன்று கேள்வி கேளுங்க.

எதை எண்ணினீங்க? ஆளையா, கருவியையா, சொடுக்கையா, மூன்று விநாடியையா?

யார் எண்ணினாங்க? அந்த எண் பெரிதாக இருந்தால் அவர்களுக்கு ஏதாவது லாபம் உண்டா?

யார் எண்ணிக்கையில் வரவில்லை? ஒரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்த பாட்டி, தாத்தா, பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு வியூதான். நேரலை சுற்றிக்கொண்டே நின்றதால் மூடிவிட்டுப் போன முதியவர் எந்தக் கணக்கிலும் இல்லை. அடுத்த வருஷம் பெரிய கேமரா வாங்குவதா, இல்லை இணைப்பை முதலில் சரிசெய்வதா என்று முடிவு செய்யும்போது அந்த முதியவரைத்தான் முதலில் நினைக்கணும். அவரை எந்த எண்ணும் காட்டாது. ஒரு போன் போட்டு, "ஐயா, தெளிவா தெரிஞ்சதா?" என்று நாம்தான் கேட்கணும்.

 செர்னோ நாசாவோ, பழைய டயல்-அப் நாட்களோ, உங்களுக்குத் தெரிந்தது இருந்தால் கீழே எழுதுங்க. இளையவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றினால் பகிருங்க.

எல்லாரும் நலமோடு இருக்க வேண்டுகிறேன். 🙏